கப்பல் டிக்கெட் கவுன்டரில் கற்ற இங்கிலீஷ்

கப்பல் டிக்கெட் கொடுக்கிறவனுக்குக் கடல் தெரிய வேண்டியதில்லை, இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே பக்கத்து அலுவலகக் கவுன்டரில் என்னை உட்கார வைத்தார்கள். கடல் தெரியாது என்பது உண்மை. அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். சென்னையில் கப்பல் ஏறிய அன்றுதான் கடலையே முதன்முதலாகப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியும் என்பதில்தான் சந்தேகம். சரித்திரத்தில் பி.ஏ. வாங்கியிருந்தேன். ஆனால் அந்தச் சரித்திரத்தையெல்லாம் நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்தேனே தவிர, ஒரு முழு வாக்கியத்தை நானாக எழுதியதில்லை. எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் யாரும் இல்லை. இங்கே இருந்தார்கள்.

கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, பாதி புரிந்த பாஷையை முழுதும் புரிந்தவன்போல எதிரே நிற்பவருக்குச் சொல்லிப் பிழைக்கும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான். தலைமைக் குமாஸ்தா நாயர் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: தகுதிகாண் காலம் முடிவதற்குள் நோட்டீசும் கடிதமும் பிழையில்லாமல் எழுதத் தேறவேண்டும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதனால் பழைய ஃபைல்களிலிருந்து கஷ்டமான சொற்களைப் பொறுக்கி, நான் குடியிருந்த கராச்சர்மாவிலிருந்து ஊருக்குள் வரும் பஸ்ஸில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வருவேன். வங்காளி கண்டக்டர் ரொம்ப நாள் நான் ஜபம் செய்வதாக நினைத்து, என்னிடம் மட்டும் அதட்டாமல் சில்லறை கேட்பார்.

டென்டேட்டிவ்

எங்கள் நோட்டீஸ் போர்டில் கப்பலின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே, ஒவ்வொரு தடவையும், கொட்டை எழுத்தில் 'டென்டேட்டிவ்' என்று இருக்கும். உத்தேசமான தேதி, மாறினாலும் மாறலாம் என்று அர்த்தம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு நோட்டீஸ் ஒட்டினால் நாயர் சார் அதைக் கிழித்துவிடுவார். சொன்ன தேதியில் கப்பல் புறப்பட்டால் எங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சவரிமுத்துவை நான் அந்தப் போர்டின் முன்னால்தான் முதலில் பார்த்தேன். சாத்தம் மர ஆலையில் தண்ணீரில் கிடக்கும் தடிகளைக் கரைக்குத் தள்ளிவிடுகிற வேலை அவருக்கு. நாற்பதைத் தாண்டியிருப்பார். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து ஊருக்குப் போகாதவர். "அப்பாவுக்கு மூச்சு வாங்குதாம் சார். என் பேரச் சொல்லிக்கிட்டே கெடக்காராம். ஆனாலும் வள்ளத்துல ஏறுறத மட்டும் விடமாட்டேங்காராம். ஒரு பங்க் கெடைச்சாப் போதும்" என்றார். கப்பலின் அடித்தட்டில் அடுக்கடுக்காகப் பலகைப் படுக்கை போட்டிருக்கும். அதுதான் பங்க், இருப்பதிலேயே மலிவு. காத்திருப்போர் வரிசையில் அவர் பெயரை எழுதினேன். கூடவே, கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று, இந்தத் தேதி டென்டேட்டிவ், இதை நம்பி வீட்டுச் சாமானை விற்றுவிடாதீர்கள் என்றேன்.

கூட்டத்தில் சேலத்துக்காரர் ஒருவர் நின்றிருந்தார். ரோடு கான்டிராக்டரிடம் மேஸ்திரி. என்மேல் பரிதாபப்பட்டவர்போலச் சொன்னார்: "அந்த டென்டேட்டிவ் கப்பல்லதானுங்க போன தடவையும் போனேன். நல்ல கப்பலுங்க, ஆனா சொன்ன தேதிக்கு வரவே வராதுங்க."

இன்கிளெமென்ட்

மழைக்காலம் தொடங்கிவிட்டது. தகரக் கூரைமேல் விழுகிற சத்தத்தில், எதிரே நிற்பவர் வாயசைப்பதுதான் தெரியும். 'இன்கிளெமென்ட் வெதர்' காரணமாகக் கப்பல் தள்ளிப்போகிறது என்று நோட்டீஸ் ஒட்டச் சொன்னார்கள். அந்த வாரம்தான் நான் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். 'கிளெமென்ட்' என்றால் இரக்கமுள்ள. முன்னால் 'இன்' சேர்த்தால் இரக்கமில்லாத. படித்ததைப் பயன்படுத்தச் சந்தர்ப்பம் கிடைத்த சந்தோஷத்தில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, ஹிந்தியிலும் தமிழிலுமாக, இரக்கமில்லாத வானிலை காரணமாகக் கப்பல் புறப்படவில்லை என்று கத்தினேன். யாரும் ரசிக்கவில்லை. ஜனங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

சவரிமுத்து மட்டும் போகவில்லை. கம்பி அருகே வந்து, நான் சொன்ன சொல்லைத் திரும்பக் கேட்டார். பிரித்துச் சொன்னேன். பிறகு வீட்டுக் கதையைத் தொடங்கினார். ஊரில் தகப்பனாரோடு இருப்பது அவருடைய அண்ணன். வள்ளத்தையும் வலையையும் பங்கு போட்டபோது இருவருக்கும் கைகலப்பாகி, அந்தக் கோபத்தில்தான் இவர் கப்பலேறியிருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணன் எழுதிய முதல் கடிதமே, அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்ற இந்தக் கடிதம்தான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் முடித்தார்: "எங்க அண்ணன் பேரு கிளமெந்து சார். அர்த்தம் தெரியாம வச்சிட்டாவ."

மெயின்லேண்ட்

இங்கே யாரும் இந்தியாவுக்குப் போகிறேன் என்றோ ஊருக்குப் போகிறேன் என்றோ சொல்வதில்லை. வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோருக்கும் அது 'மெயின்லேண்ட்'. போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், கல்யாணமாகிக் கணவனின் ஊரான திருச்சிக்கு முதல் தடவையாகப் புறப்பட வந்திருந்தாள். விண்ணப்பத்தில் 'மெயின்லேண்ட்' முகவரி என்று இருந்த இடத்தை நிரப்பத் தெரியாமல் என்னிடம் அர்த்தம் கேட்டாள். மெயின் என்றால் முக்கியமானது, லேண்ட் என்றால் நிலம் என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ இத்தனை நாள் நான் நின்னுட்டிருந்தது என்னது சார்?"

கம்பாஷனேட் கிரவுண்ட்ஸ்

தள்ளிப்போன கப்பலுக்கு மறுபடியும் தேதி வந்தது. அதற்குள் பங்க் எல்லாம் தீர்ந்துவிட்டது. வேலை முடிந்து திரும்பும் கூலியாட்களுக்காகக் கான்டிராக்டர்கள் மொத்தமாக வாங்கிவிட்டார்கள். சவரிமுத்துவின் பெயர் காத்திருப்போர் வரிசையில் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று டென்டேட்டிவாகக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை. மழைக்காலத்தில் அப்படித்தான்.

நாயர் சாரிடம் போய் நின்றேன். "ஒரு வழி உண்டு" என்று விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு கப்பலிலும் சில இடங்கள் அதிகாரியின் கையில் இருக்கும். 'கம்பாஷனேட் கிரவுண்ட்ஸ்' பேரில் அவர் கொடுக்கலாம். தாய், தகப்பன், மனைவி, மக்கள் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் தந்தியைக் காட்டவேண்டும், வெறும் கடிதம் செல்லாது. அதில் 'கிரவுண்ட்' என்பதைத் தரை என்று படித்துக் குழம்பி, பிறகு அகராதியைப் பார்த்து, காரணம் என்றும் அர்த்தம் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

சவரிமுத்துவிடம் சொன்னேன். அப்பாவுக்கு முடியாமல் போனால் உடனே தந்தி அடிக்கச் சொல்லி அண்ணனுக்கு எழுதுங்கள், இரக்கத்தின் பேரில் கொடுப்பதற்கென்று சில இடம் இருக்கிறது, அதில் பார்க்கலாம். அவர் தலையாட்டினார். எத்தனை இடம் என்று கேட்டார். ஏற்கெனவே சிலது போய்விட்டது, மிச்சம் ஒன்றோ இரண்டோ இருக்கும் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இரக்கத்துக்கும் கோட்டா வச்சிருக்கீங்களா சார்? ஒங்க ஆபீசு பெரிய ஆபீசுதான்."

சிங்க்கிங்

கப்பலுக்கு இடம் கொடுத்து முடிக்கிற நாள். காலையிலேயே சவரிமுத்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைக் கையில் கறுப்புத் துணி குத்தியிருந்தது. கம்பி வழியாகத் தன் காத்திருப்புச் சீட்டை உள்ளே தள்ளினார். "என் பேர அடிச்சிருங்க சார். வேற யாருக்காவது குடுங்க" என்றார்.

"என்னண்ணே ஆச்சு?"

"அப்பா கடலோட போயிட்டாரு. நேத்து சாயங்காலம் தந்தி வந்துட்டு."

அவரே சொல்லிக்கொண்டு போனார். தந்தியை ஆலையில் டைம் கீப்பராக இருக்கிறவர் படித்துச் சொல்லியிருக்கிறார். 'ஃபாதர்' என்று அவர் ஆரம்பித்ததுமே, பங்குச் சாமியாருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று சவரிமுத்துவின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாளாம். அப்புறம்தான் புரிந்ததாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சொல்லியாயிற்று. "இந்த வயசுல ஒத்தையா வள்ளத்துல ஏறாதீரும்னு எத்தன பேரு சொன்னாவ. கேட்டாத்தானே. இனிமே போயி என்ன செய்ய? கப்பலு நாலு நாளு, அப்புறம் ரயிலு. ஒடம்பு கெடச்சிருந்தாலும் பொதச்சிருப்பாவ. கெடைக்கலேன்னா அதுவும் இல்ல."

தந்தியைக் காட்டச் சொன்னேன். மடித்து மடித்து ஈரமாகியிருந்தது. 'ஃபாதர் சிங்க்கிங் ஸ்டார்ட் இம்மீடியட்லி கிளமெந்து.' அவ்வளவுதான்.

'சிங்க்' என்றால் மூழ்குவது. ஐந்தாம் வகுப்பில் படித்த சொல். கப்பல் மூழ்கியது, கல் மூழ்கியது. டைம் கீப்பர் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 'இங்' உறுத்தியது. எங்கள் தெருவில் தந்தி வந்தால் முதலில் எல்லோரும் அழுது முடித்துவிடுவார்கள், பிறகுதான் படிக்கத் தெரிந்தவரைத் தேடுவார்கள். அந்த ஞாபகம் வந்ததோ என்னவோ, மேஜை டிராயரிலிருந்து என் அட்டை போன அகராதியை எடுத்தேன். 'சிங்க்': நீரில் அமிழ்தல். தாழ்தல். விலை குறைதல். கிணறு வெட்டுதல். அதற்கும் கீழே, பொடி எழுத்தில்: நோயாளி நாளுக்கு நாள் குன்றி இறக்கும் நிலையை அடைதல்.

இது சரியாக இருந்தால் அவருடைய அப்பா இன்னும் இருக்கிறார். தவறாக இருந்தால், ஒரு தடவை அப்பாவைப் பறிகொடுத்தவருக்கு நான் அவரைத் திருப்பிக் கொடுத்து, ஊரில் போய் இறங்கும்போது மறுபடியும் பறிப்பேன். கேட்கலாம் என்றால் நாயர் சாரும் இருக்கையில் இல்லை. அதிகாரி அறையில் இருந்தார். ஆனால் அண்ணன் 'உடனே புறப்படு' என்று எழுதியிருக்கிறாரே. செத்தவருக்காக இத்தனை தூரத்தில் இருப்பவனை அப்படி அவசரப்படுத்துவாரா? கம்பி வழியாகக் குனிந்து சொன்னேன். "அண்ணே, அப்பா கடலில் விழவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு. உடம்பு ரொம்ப முடியலை, ஆனால் இருக்கிறார்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நம்பாதது மட்டுமில்லை, கொஞ்சம் கோபமும் இருந்தது அந்தப் பார்வையில். "முங்குறதுன்னுதான அர்த்தம்?"

"முங்கிக்கொண்டிருக்கிறார்னு அர்த்தம் அண்ணே. முங்கிட்டார்னு இல்லை."

அவர் அந்த ஒரு தடவைதான் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்: "தம்பி, கடல்ல முங்கினவன் தந்தி வந்து சேருத வரைக்கும் முங்கிக்கிட்டேவா இருப்பான்?"

டூப் கயா

அவர் வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து அதிகாரி அறைக்கு அழைத்துப் போனேன். அதுவரை கூப்பிடாமல் அந்த அறைக்குள் நான் போனதில்லை. அதிகாரி வடக்கத்திக்காரர். கடுமையானவர் இல்லை, ஆனால் கையில் ஃபைலோடு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து அலுத்தவர். எதிரே நாயர் சார் நின்றிருந்தார். மேஜையில் இரண்டு மனுக்கள். இடம் ஒன்றுதான் மிச்சம். ஒன்று தங்கை கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று மராமத்து இலாகா டிராஃப்ட்ஸ்மேன் கொடுத்தது. இன்னொன்று, தந்தி வந்தவுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாயர் சார் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருந்த சவரிமுத்துவின் மனு.

அதிகாரி என்னைக் கேட்கவில்லை. நேராகச் சவரிமுத்துவைப் பார்த்து "க்யா ஹுவா?" என்றார்.

இந்தத் தீவில் எல்லோருக்கும் பொது பாஷை ஹிந்திதான். ஆலையில் பேசிப் பேசிச் சவரிமுத்துவுக்கும் நன்றாக வரும். என்ன ஆயிற்று என்ற கேள்விக்குத் தான் நம்பியதை அப்படியே சொன்னார். "பாப் டூப் கயா, சாப்." அப்பா மூழ்கிப்போனார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, இறந்தவர் காத்திருப்பார், கல்யாணம் காத்திருக்காது, நீ அடுத்த கப்பலில் போ, உனக்கு முதல் இடம் தரச் சொல்கிறேன் என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். சவரிமுத்துவும் "டீக் ஹை சாப்" என்று கும்பிட்டார். அதிகாரி டிராஃப்ட்ஸ்மேனின் மனுவைக் கிட்டே இழுத்தார்.

பஸ்ஸில் முணுமுணுத்துப் படித்த சொற்களெல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. அவரிடம் நான் பேசிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் இதுதான்: "சார், நாட் டிரௌண்ட். சிங்க்கிங்."

"வாட் இஸ் த டிஃபரன்ஸ்?" என்றார். கேட்கத்தானே செய்வார்? நாயர் சார் கண்ணை மூடிக்கொண்டார். வருகிற கப்பலில் யார் போனாலும் போகாவிட்டாலும் நான் போவது நிச்சயம் என்று தோன்றியது. மேஜைமேல் தந்தியை விரித்து வைத்தேன்.

அதிகாரி குனிந்து படித்தார். அந்த மாதிரித் தந்திகளை வருஷக்கணக்காகப் படித்தவர் அவர். நான் பொடி எழுத்தில் தேடிக் கண்டெடுத்த அர்த்தம் அவருக்கு ஒரு விநாடியில் தெரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். தமிழில் நான் சொன்னபோதும், இங்கிலீஷில் டைம் கீப்பர் படித்தபோதும் போய்ச் சேராதது, அவர் சொன்ன ஹிந்தியில்தான் சவரிமுத்துவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, கறுப்புத் துணி குத்தின கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதை அதிகாரி சொன்னது இப்படித்தான்: "அரே பாய், யே தோ ஜிந்தா ஹை! ஜிந்தா ஹை!"

மறுபடியும் இன்கிளெமென்ட்

கடைசி இடம் அவருக்குக் கிடைத்தது. டிராஃப்ட்ஸ்மேன் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தங்கை கல்யாணத்துக்கு அவர் போகவில்லை.

புறப்படவேண்டிய காலையில் காற்று மாறிவிட்டது. நான் அதே நோட்டீசை, அதே சொல்லோடு, என் கையாலேயே எழுதி ஒட்டவேண்டியிருந்தது. சாத்தம் ஜெட்டிக்குக் கொண்டுபோய் ஒட்டும்போது சவரிமுத்து தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கறுப்புத் துணியை எடுத்துவிட்டிருந்தார். வழியனுப்ப வந்த மனைவி பக்கத்தில் நின்றாள். கப்பல் கண்ணெதிரே நின்றது. ஏறத்தான் முடியாது. ஊரில் ஒரு மனிதருடைய மூச்சு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியாது. என் அகராதியில் 'சிங்க்கிங்' என்பதற்கு எத்தனை நாள் என்று போட்டிருக்கவில்லை. நான் சொன்னதை நம்பி ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணம் என்னைச் சாப்பிடவிடவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மதியம் வெயில் அடித்தது. ஏறச் சொல்லி மணி அடித்தார்கள். பலகையில் கால் வைப்பதற்கு முன்னால் அவர் என் பக்கம் திரும்பி, வானத்தைக் காட்டிச் சொன்னார்: "அந்தக் கிளமெந்துக்குக்கூட மனசு எறங்கி தந்தி அடிச்சிட்டான் சார். இந்தக் கிளமெந்துக்குத்தான் இத்தன நேரமாச்சு."

கன்ஃபர்ம்டு

அவர் போன பிறகு இரண்டு கப்பல் வந்து போயின. ஒவ்வொன்றிலிருந்தும் ஜனங்கள் இறங்கி நடக்கும்போது நான் கவுன்டரை விட்டு எழுந்து பார்ப்பேன். உண்மையைச் சொன்னால், அவர் வரவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேனோ அவ்வளவு பயப்பட்டேன். இதற்கிடையில் பரீட்சை வைத்தார்கள். கடிதம் எழுதச் சொன்னார்கள், சொற்களுக்கு அர்த்தம் கேட்டார்கள். 'டென்டேட்டிவ்' வந்தது. எழுதினேன். 'சிங்க்' வரவில்லை. அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

என்னை நிரந்தரம் செய்த உத்தரவு வந்த வாரத்தில்தான் சவரிமுத்து கவுன்டருக்கு வந்தார். மொட்டைத்தலை. என் கண்ணை அந்தத் தலையிலிருந்து எடுக்க முடியவில்லை. அவர் புரிந்துகொண்டு, "அது வேளாங்கண்ணிக்கு நேர்ச்ச சார். வர்ற வழியில குடுத்துட்டு வந்தேன்" என்றார். பிறகு "இருந்தாரு சார்" என்றார்.

நான் உட்கார்ந்தேன்.

"நான் போயி எறங்குறப்போ கட்டில்ல சாஞ்சாப்புல உக்காந்திருந்தாரு. படுத்தா மூச்சு விட முடியாதாம். அடையாளம் கண்டுக்கிட்டாரு. கையப் புடிச்சவரு விடவே இல்ல. அந்த வாரக் கடைசியிலதான் அடக்கம். நானுந்தான் தூக்குனேன்."

அண்ணன் எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். இருவரும் பேசிக்கொள்கிறார்களா? "பேசிக்கிடுதோம் சார். டென்டேட்டிவா" என்றார். அந்தச் சொல்லை இவ்வளவு சரியாகப் பயன்படுத்தி நான் எந்த ஃபைலிலும் பார்த்ததில்லை. எனக்கும் வேலை கன்ஃபர்ம் ஆகிவிட்டது என்றேன். அவர்கள் கோயிலில் 'கன்ஃபர்மேஷன்' என்றொரு சடங்கு உண்டு, அதைச் சின்னப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவார்கள் என்று சிரித்தார். போகக் கிளம்பி, சொல்ல மறந்ததைச் சொல்வதுபோலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தந்தியில் என்ன எழுதியிருந்தது என்று அப்பா கேட்டாராம். நீரு முங்கிக்கிட்டு இருக்கீருன்னு எழுதியிருந்தது, நான் முங்கிட்டீருன்னு நெனச்சுப் பூசைக்குச் சொல்லிட்டேன் என்று இவர் சொன்னாராம். கிழவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அண்ணன் ஓடி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தானாம். இருமல் நின்றதும் அப்பா சொன்னதை, அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார்: "ஆயுசு பூரா இந்தக் கடலு என்னய முக்கிப் பாத்துச்சு, முடியல. தந்தியாபீசுக்காரன் ஒத்த வார்த்தையில முக்கிட்டானேடா!"

இப்போதும் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டுதான் வருகிறேன், தெரியாத சொற்களை ஒரு தடவையும் தெரிந்த சொற்களை இரண்டு தடவையும்.